முந்தானையில் மஞ்சள் கறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் படிக்கும் என்னைப் பார்க்க மதுரையிலிருந்து தோழி வந்திருந்தாள். விக்டோரியா தெருச் சந்தைக்கு அழைத்துப்போனேன். 1973இல் எரிந்துபோன பழைய சந்தைக்குப் பின் எழுந்தது அது. அம்பாரமாய்க் குவித்த மசாலாத் தூள்களை விட்டு அவளை நகர்த்தவே முடியவில்லை.

மாலையில் பையைத் திறந்தால் மஞ்சள்தூள் பொட்டலம் பிரிந்து, அவள் அம்மாவுக்கு வாங்கிய வெள்ளைப் பருத்திச் சேலையின் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அவள் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் தூளை உதறினேன், தேய்க்கவில்லை. பிறகு தண்ணீரில் நனைத்துச் சோப்புப் போட்டேன். கறை செக்கச்செவேலென்று மாறியது! சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி, ஈரத்தோடு வெயிலில் விரித்தேன். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. மறுநாள் மாலை, கறை இருந்த இடத்தை அவளாலேயே காட்ட முடியவில்லை. வண்ணச் சேலையை மட்டும் இப்படி வெயிலில் போடாதீர்கள், சாயமும் வெளுத்துவிடும்.