மலையகத்தில் நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது, தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாகப் போகும் பீக்கோ பாதை என்ற நெடுந்தூர நடைபாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். அதில் ஒரு கட்டத்தையாவது ஓடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஆசிரியருக்கும் வரலாம், கடையில் வேலை செய்பவருக்கும் வரலாம், லயத்தில் இருந்து கெம்பஸ் போன பிள்ளைக்கும் வரலாம். அது நல்ல ஆசை. விளையாட்டு வீரராகப் பிறந்திருக்கத் தேவையில்லை, நாலைந்து மாதம் ஒழுங்காகப் பழகினால் போதும். ஆனால் கொழும்பில் ஓடுகிறவர்களுக்காகப் போட்ட பயிற்சி அட்டவணையை அப்படியே இங்கே கொண்டு வந்தால் கால் போய்விடும். மலையில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

அந்த அட்டவணை கிலோமீற்றரை மட்டும்தான் எண்ணும். இங்கே எண்ண வேண்டியது ஏற்றத்தை. 100 மீற்றர் உயரம் ஏறுவது சமதரையில் 1 கிலோமீற்றர் ஓடுவதற்குச் சமம் என்று மலை ஓட்டக்காரர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் தூரம் 7 கிலோமீற்றருக்குள்தான், ஆனால் ஏறும் உயரம் ஏறத்தாழ 1000 மீற்றர். கைக்கணக்கின்படி அது பதினேழு கிலோமீற்றர் வேலை. “ஏழுதானே” என்று கிளம்புகிறவர் பாதிப் படியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவார். ஆகவே தூரத்தை விடுங்கள், நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். இந்த வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் அதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்பதால் கால் தயார் என்று நினைக்கக் கூடாது.

ஏற்றத்தில் நடப்பதை வெட்கமாக நினைக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 100 கிலோமீற்றர் மலைப் பந்தயம் ஓடுகிறவர்களும் செங்குத்தான இடத்தில் தொடையில் கையை ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். நுவரெலியாவில் இருந்து ஹக்கலை வழியாக வெலிமடைப் பக்கம் இறங்கும்போது மூச்சு வாங்காது, வேகம் தானாக வரும், ஆள் சந்தோஷமாகப் பாய்ந்து போவார். ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தசைக்கு அதிகம் அடி விழுவது அப்படித்தான். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்க முடியாமல் செய்துவிடும். இறக்கத்தையும் தனியாகப் பழக வேண்டும்: சிறிய அடிகள், மெல்ல வளைந்த முழங்கால், குதிகாலில் பிரேக் போடாத ஓட்டம். சப்பாத்தின் முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துக் கழன்றுவிடும். தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் மழைக்குப் பிறகு சேறு வழுக்கும். றோட்டுக்கு வாங்கிய சப்பாத்து அங்கே பிடிக்காது.

அடுத்தது தண்ணீர். குளிரில் வியர்வை தெரியாது, தாகமும் எடுக்காது, அதனால் மூன்று மணி நேரம் ஒரு சொட்டும் குடிக்காமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் போய் வெறும் தண்ணீரையே லீற்றர் லீற்றராகக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இது இன்னும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். தாகத்துக்கு ஏற்ற மாதிரிக் குடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் உப்பும் சேரட்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொதியை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போனால் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் சாப்பாடும் வேண்டும். வாழைப்பழம், கித்துள் கருப்பட்டி, ரொட்டித் துண்டு என்று வயிறு ஏற்கிறதைப் பயிற்சியிலேயே கண்டுபிடியுங்கள். தேயிலைக்குக் கீழே ஓடி வரும் ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். மேலே அடித்த மருந்தும் போட்ட உரமும் அதில்தான் இறங்குகின்றன.

பெண்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இரத்தச்சோகை பரவலான பிரச்சினை. கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற பெண்ணுக்கு ஓட்டத்துக்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாமல் போவது ஓய்வும் இரும்புச்சத்தும்தான். பழகப் பழகக் களைப்பு கூடிக்கொண்டே போனால் மனத்தைத் திட்டாமல் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

காலநிலையை “மலையகம்” என்று மொத்தமாகப் பார்ப்பதும் தவறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கொட்டும்போது ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை அந்த ஊவாப் பக்கத்தில் மழை. தோட்டத்து ஆட்களுக்கு இது தேயிலையிலேயே தெரியும். ஊவாவின் தரமான தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன் பக்கத்துத் திம்புளையின் தரமான தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை, இரண்டுமே அந்தந்தப் பக்கத்தின் வறண்ட காலம். நீண்ட ஓட்டத்தை அந்த மாதங்களில் வையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியும் மின்னலும் வரும், பகல் பன்னிரண்டுக்குள் ஓடி முடித்துவிட வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்காது. மண்சரிவு எச்சரிக்கை விடுத்த பகுதியில், எவ்வளவு பழகிய பாதையாக இருந்தாலும், ஓடப் போகாதீர்கள்.

அப்புறம் குளவி. பாதையைப் போனில் பார்த்தால் போதும் என்று நினைத்துத் தோட்டத்துக்குள் நுழைகிறவர்களுக்கு எந்த மலையில் கூடு இருக்கிறது என்று போன் சொல்லாது. கொழுந்து எடுக்கும் அக்காமார் சொல்வார்கள். நின்று, வணக்கம் சொல்லி, கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் நாம் போகிறோம் என்பதால் கேட்பதுதான் மரியாதையும். குளவி கிளம்பினால் கையை வீசி அடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடுங்கள். கொட்டிய பிறகு மூச்சுத் திணறினால் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். விடியமுன்னும் இருட்டிய பிறகும் காட்டோரத் தேயிலையில் தனியாக ஓட வேண்டாம், சிறுத்தை நடமாடும் நேரம் அது. எதிரில் கண்டால் முதுகு காட்டி ஓடாமல், பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். காதில் பாட்டு வேண்டாம்: வளைவில் வரும் பஸ்ஸின் ஹோனும் கேட்க வேண்டும். ரயில் பாதையில் ஓடுவதை யார் செய்து காட்டினாலும் செய்யாதீர்கள்.

ஓடி முடித்த இரண்டு மூன்று நாளுக்குக் கால் வலிப்பது வழமை. தொடை வீங்கி, சிறுநீர் பிளேன்டி நிறத்தில் போனால் அது வழமை இல்லை. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்குகிறது என்று அர்த்தம். பாமசியில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், இபுபுரோஃபென் போன்றவை அந்த நேரத்தில் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், எவ்வளவு நேரம் ஓடினீர்கள், எவ்வளவு இறக்கம் என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.