பழைய டிவிடி கேம் ஓட மறுக்கிறதா? மறுபடி இன்ஸ்டால் செய்யும் முன் இதைப் படியுங்கள்

காசு கொடுத்து வாங்கிய கேம். டிவிடி கையில் இருக்கிறது, இன்ஸ்டால் செய்யும்போது கேட்கும் ரகசிய எண்ணான சிடி கீ பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறது, ஆனாலும் ஐகானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அல்லது அசல் டிஸ்க்கைப் போடு என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். உள்ளே இருப்பது அசல் டிஸ்க்தான். இதே நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே கேமை நான்கு முறை நீக்கி நான்கு முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம். திருட்டுப் பிரதி வைத்திருப்பவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, விலை கொடுத்தவனுக்குத்தான் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

பிரச்சினை பெரும்பாலும் திருட்டுப் பிரதியைத் தடுக்க நிறுவனங்கள் கேமில் வைத்த பூட்டு மென்பொருளில் இருக்கும். அதனால் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் கேமில் இருக்கும் பூட்டு எது என்று கண்டுபிடிப்பது. டிஸ்க்கை ஓடவிடாமல், வலது பொத்தானை அழுத்தி உள்ளே திறந்து கோப்புகளைப் பாருங்கள். எஸ்இசிடிஆர்வி என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அது சேஃப்டிஸ்க் என்ற பூட்டு. அப்படி எதுவும் இல்லை, ஆனால் அசல் டிஸ்க் கேட்டு அடம்பிடிக்கிறது என்றால், 2005-க்குப் பிந்தைய கேம்களில் பெரும்பாலும் செக்யூரோம் என்ற பூட்டாக இருக்கலாம். மூன்றாவது வகையான ஸ்டார்ஃபோர்ஸ் என்றால் இன்ஸ்டால் முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லித் தன் டிரைவரை, அதாவது விண்டோஸுக்குள் ஓடும் துணை மென்பொருளை, சொருகிவிடும்.

சேஃப்டிஸ்க் என்று தெரிந்துவிட்டால் விண்டோஸ் 10, 11-இல் போராட வேண்டாம். அந்தப் பூட்டு விண்டோஸின் அடி ஆழத்தில் ஓடும் ஒரு டிரைவரை நம்பியிருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 10-இல் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை அணைத்துவிட்டது. ஆக, உங்கள் டிஸ்க்கும் கெடவில்லை, லேப்டாப்பும் கெடவில்லை. பூட்டைத் திறக்க வேண்டிய ஆளே வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அந்த டிரைவரை எங்கிருந்தோ இறக்கிப் போடச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய வரும். செய்யாதீர்கள். மூடிய ஓட்டையை நீங்களே திறந்து வைப்பது போல ஆகிவிடும், வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அது வேண்டவே வேண்டாம்.

சரி, வேறு வழி? கேமின் கடைசி அதிகாரப்பூர்வ பேட்ச்சை, அதாவது நிறுவனமே வெளியிட்ட திருத்தத்தை, தேடுங்கள். பல நிறுவனங்கள் விற்பனை ஓய்ந்த பிறகு டிஸ்க் சோதனையைத் தாங்களே எடுத்துவிட்டன. ஸ்டார்கிராஃப்ட், டயப்லோ 2 இரண்டுக்கும் 2008-இல் வந்த பேட்ச்சுகளுக்குப் பிறகு டிஸ்க் இல்லாமலே ஆடலாம். இன்ஸ்டாலர் ஓடி, கேம் மட்டும் ஓட மறுக்கிறது என்றால் பேட்ச்தான் முதல் மருந்து. இன்ஸ்டாலரே ஓடவில்லை என்றால் அது பூட்டின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். தொண்ணூறுகளின் கேம்கள் சிலவற்றில் இன்ஸ்டாலர் 16 பிட் என்ற பழைய வகை, இன்றைய 64 பிட் விண்டோஸில் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

செக்யூரோம் வேறு ரகம். அது உங்கள் கணினியில் வேறு என்ன இருக்கிறது என்றும் பார்க்கும். டிஸ்க்கின் நகலை நிஜ டிஸ்க் போலக் காட்டும் மெய்நிகர் டிவிடி டிரைவ் மென்பொருள் எதையாவது போட்டு வைத்திருந்தால் கேம் திறக்காமல் போகலாம். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்ட மைக்ரோசாஃப்டே வெளியிடும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் திறந்திருந்தாலும் சில கேம்கள் மறுத்திருக்கின்றன. அதையெல்லாம் மூடி, கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு முயலுங்கள். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பூட்டு டிஸ்க்கின் பரப்பையே அளந்து பார்ப்பதால், சாதாரணமாகக் கோப்புகளைப் படிக்கும் டிஸ்க்கூட இந்தச் சோதனையில் தோற்கலாம். யூஎஸ்பி டிவிடி டிரைவில் தோற்றது பழைய மேசைக் கணினியின் டிரைவில் தேறுவதும் உண்டு.

அப்புறம் ஆக்டிவேஷன் எண்ணிக்கை, அதாவது ஒரு கீயை இணையம் வழியாக எத்தனை கணினிகளில் பதிவு செய்யலாம் என்ற வரம்பு. 2007-இல் பயோஷாக் இரண்டே கணினிகளுக்கு அனுமதி என்று வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக்கினார்கள், 2008-இல் அந்த வரம்பையே நீக்கினார்கள். 2008-இல் வந்த ஸ்போர் மூன்றில் தொடங்கி ஐந்துக்குப் போனது. இதில் மாட்டுகிறவர்கள் ஐந்து கணினி வைத்திருப்பவர்கள் அல்ல. ஒரே கணினியில் விண்டோஸை மறுபடி போட்டவர்கள், பாகங்களை மாற்றியவர்கள். ஆகவே ஃபார்மேட் செய்யும் முன் கேமைத் திறந்து அந்தப் பதிவை விடுவிக்க, அதாவது டீஆக்டிவேட் செய்ய, வழி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஃபார்மேட் செய்த பிறகு யோசித்துப் பயனில்லை.

சிடி கீயை உள்ளிடும்போது நிதானம் வேண்டும். 'பி' எழுத்தும் எட்டும், 'ஓ' எழுத்தும் சுழியமும் அந்தச் சின்ன அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். என் கேமில் நான்காவது தொகுதியில் மை கலைந்திருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அது எட்டு என்று தெரிந்தது. இணையக் கேம் கடையான ஸ்டீமில் கீயைப் போட்டுப் பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி அடிக்காதீர்கள், தவறான முயற்சிகள் சேர்ந்தால் கொஞ்ச நேரம் பூட்டிவிடும். ஆனால் ஒருமுறை நிச்சயம் போட்டுப் பாருங்கள். பழைய ஹாஃப் லைஃப் பெட்டியில் இருந்த கீ ஸ்டீமில் ஏறும், ஏறிவிட்டால் டிஸ்க்கே வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் பழைய இணையக் கேம் சேவையான கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் முத்திரை உள்ள பெட்டி என்றால் முதலில் அந்தக் கேமுக்குப் புதிய பதிப்பு உண்டா என்று பாருங்கள். அந்தச் சேவையின் கடை 2013 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஜிடிஏ 4 இதனாலேயே 2020 ஜனவரியில் ஸ்டீம் விற்பனையிலிருந்து போய், அந்தச் சேவையைக் கழற்றிவிட்ட பதிப்பாக மார்ச்சில் திரும்பி வந்தது.

எதுவும் பலிக்கவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ரசீது, பெட்டி, கீ மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். கீக்குப் பக்கத்தில் புகார் எண்ணைப் பேனாவால் எழுதிப் படமெடுக்கச் சொல்லிக் கேட்பதும் உண்டு, எனவே கீ உள்ள பெட்டியையோ கையேட்டையோ தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குப் பதில் வர பதினோரு நாள் ஆயிற்று, ஆனால் புதிய கீ வந்தது.

பூட்டை உடைக்கும் கிராக் கோப்பு தேடிப் போக வேண்டாம். அந்தத் தளங்களில் பச்சைப் பொத்தான் எது, வைரஸ் எது என்று பிரிக்கவே முடியாது. அதே கேம் ஜிஓஜி என்ற இணையக் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் கிடைக்கும், தள்ளுபடி நாட்களில் விலையும் குறைவு. ஒரே கேமுக்கு இரண்டாம் முறை காசா என்று மனம் ஆறாது, எனக்கும் ஆறவில்லை. ஆனால் அந்த இன்ஸ்டாலரை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த கணினியில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.