படிக அலையியற்றி அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கிய ஒரு கிரிஸ்டல் (அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் படிகம்), ஒரு 2என்3904 டிரான்சிஸ்டர், சில மின்தேக்கிகள் ஆகியவற்றைக் கொண்டு கால்பிட்ஸ் வகை அலையியற்றி (இரு மின்தேக்கிகளால் பின்னூட்டம் தந்து மின்னலைவை உண்டாக்கும் சுற்று) ஒன்றை ஒரே மாலையில் அமைத்துவிடலாம். அது இயங்காமல் போவது அரிது. உறையில் பொறித்த அதிர்வெண்ணில் இயங்காமல் போவதுதான் வழக்கம்.

தவறு பலருக்குக் கிரிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மலேசியா பால் (PAL) எனும் வண்ணத் தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய நாடு என்பதால், இங்குள்ள பழைய வண்ணத் தொலைக்காட்சிகளைப் பிரித்தால் பெரும்பாலும் கிடைப்பது 4.433619 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அது பொழுதுபோக்கு வானொலியாளருக்கு ஒதுக்கிய எந்த அமெச்சூர் அதிர்வெண் பட்டைக்குள்ளும் வராது. அமெரிக்கச் சுற்றுப்படங்களில் காணும் 3.579545 மெகாஹெர்ட்ஸ், அந்நாட்டின் என்டிஎஸ்சி வண்ணத் தொலைக்காட்சி முறைக்குரியது. அந்த அதிர்வெண் அடங்கும் 80 மீட்டர் அமெச்சூர் பட்டைக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களில் பல மூன்றாம் மேற்சுரத்தில் (அடிப்படை அதிர்வெண்ணின் ஏறத்தாழ மூன்று மடங்கில்) இயங்குபவை. அந்த மேற்சுரத்தைத் தேர்ந்தெடுக்கும் இசைவுச் சுற்று இல்லாத எளிய அலையியற்றியில் பொருத்தினால் அவை 9 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே அலையும்.

மிகுதியானோர் கோட்டைவிடுவது சுமை மின்தேக்கத்தில், அதாவது கிரிஸ்டல் தன் சுற்றில் காணும் மொத்த மின்தேக்கத்தில்தான். 20 பிக்கோஃபாரட் சுமைக்கென அறுக்கப்பட்ட கிரிஸ்டலுக்கு, இரண்டு 100 பிக்கோஃபாரட் பின்னூட்ட மின்தேக்கிகளைப் போட்டால், தொடரிணைப்பில் அவை 50 பிக்கோஃபாரட் ஆகி அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடும். கிரிஸ்டலோடு தொடராக 33 பிக்கோஃபாரட் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 20க்கு வந்துவிடும். அந்த இடத்தில் டிரிம்மர் (திருகி மதிப்பை மாற்றக்கூடிய மின்தேக்கி) வைத்தால் நுட்பமாகச் சரிசெய்துகொள்ளலாம். பாகங்களைப் பற்றவைக்காமல் செருகும் பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே சில பிக்கோஃபாரட் தானாகவே சேர்வதால், அதில் செய்த கணக்கு பற்றவைத்த பலகையில் அப்படியே பொருந்தாது. பின்னூட்டத்திற்கு, வெப்பத்தால் மதிப்பு பெரிதும் மாறாத என்பி0 வகை மின்தேக்கியே ஏற்றது. எக்ஸ்7ஆர் மின்தேக்கியின் மதிப்பு வெப்பத்தோடு மாறும். மின்வழங்கிக்குக் குறுக்கே போடும் 0.1 மைக்ரோஃபாரடுக்கு அது போதும்.

அளக்கும்போது ஆசிலாஸ்கோப்பின் புரோபை (அலைவடிவம் காட்டும் கருவியின் அளவி முனையை) நேரே கிரிஸ்டலில் வைக்கக் கூடாது. சமிக்ஞையைக் குறைக்காத 1 எக்ஸ் நிலையில் புரோப் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் சுமையை ஏற்றி அலைவையே நிறுத்திவிடக்கூடும். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10 எக்ஸ் நிலையில்கூட எமிட்டரிலோ அலையியற்றியை அடுத்த கட்டத்தின் சுமையிலிருந்து காக்கும் இடைத்தாங்கிக் கட்டத்திற்குப் பின்னரோ அளப்பதே நன்று. அருகில் ஒரு வானொலி ஏற்பி இருந்தால், எதையும் தொடாமலே அதிர்வெண்ணை அறியலாம் என்பதால் நான் அதையே விரும்புவேன்.

இதை அனுப்பியாகப் பயன்படுத்தும்போது, மோர்ஸ் சாவியால் அலையியற்றியையே நிறுத்தி நிறுத்தி இயக்கினால் ஒவ்வோர் அழுத்தலிலும் அதிர்வெண் நகர்ந்து ஒலி கீச்சிடும். அலையியற்றிக்குத் தனி ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் பாகம்) கொடுத்து, தொடர்ந்து ஓடவிட்டு, அடுத்த கட்டத்தைச் சாவியால் இயக்கலாம். ஆன்டெனாவை இணைப்பது உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. சோதனை முழுவதும் 50 ஓம் போலிச்சுமையில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை ஏற்கும் மின்தடையில்) நடக்கட்டும்.