கிரெடிட் கார்டு மறுக்கப்பட்டதா? காரணத்தைக் கேட்டு வாங்கும் வழி

"வங்கியின் உள்விதிகளின்படி உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை." பலருக்கு இந்த ஒற்றை வரிக் குறுஞ்செய்தியோடு கதை முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுபவருக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் தப்பிக்க வங்கிக்கு உரிமை இல்லை.

1. உடனே வேறு வங்கிக்கு விண்ணப்பிக்காதீர்கள்

ஆத்திரத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் அறிக்கையில், அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவேட்டில், தேதியோடு பதிவாகிறது. அடுத்தடுத்து நான்கைந்து பதிவுகளைப் பார்க்கும் வங்கி, பணமுடையில் அலைபவர் என்றே உங்களைக் கணக்கிடும்.

2. காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. கார்டு விற்க வந்த முகவரிடம் கேட்டுப் பயனில்லை. வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு இப்படி மின்னஞ்சல் அனுப்புங்கள்:

"என் விண்ணப்ப எண் இது. இந்தத் தேதியில் நிராகரிக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். கடன் அறிக்கைதான் காரணம் என்றால், எந்த நிறுவனத்தின் அறிக்கை, அதில் எந்தப் பதிவு என்பதையும் குறிப்பிடவும்."

"உள்விதி" என்றே மறுபடியும் பதில் வந்தால், அது குறிப்பிட்ட காரணம் ஆகாது என்று திருப்பி எழுதுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

3. கடன் அறிக்கையை எடுத்துப் படியுங்கள்

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கடன் அறிக்கை தயாரிக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டணத் திட்டங்களைக் கண்ணில் படும்படி வைத்திருப்பார்கள். இலவச அறிக்கைக்கான இணைப்பைக் கொஞ்சம் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) குறையாது.

300 முதல் 900 வரையிலான அந்த ஸ்கோரில் மயங்கி நின்றுவிடாதீர்கள். விஷயம் உள்ளே இருக்கிறது. கடன் கணக்குகள் ஒவ்வொன்றின் கீழும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தவணை தாமதமில்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். "கடன் பாக்கியே இல்லை" என்பவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது மற்றவருக்காகப் போட்ட கையெழுத்தை: மகளின் கல்விக் கடனில் இணைக் கடன்தாரர், மைத்துனரின் வண்டிக் கடனுக்கு ஜாமீன். அங்கே தவணை தவறினால் இங்கே உங்கள் பெயரில் பதிவாகும். நகைக் கடனும் அறிக்கையில் பதிவாகும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய பழைய கடன், "முடிக்கப்பட்டது" (Closed) என்றில்லாமல் "சமரசம்" (Settled) என்று நின்றாலும் வங்கிகள் முகம் சுளிக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தலைவலி இனிஷியல். ஆதாரில் எஸ். குமார், பான் அட்டையில் குமார் சுப்பிரமணியன் என்றிருந்தால், சரிபார்ப்பிலேயே விண்ணப்பம் தட்டிப்போகலாம். பெயர், பிறந்த தேதி, பான் எண் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

4. தவறு இருந்தால் திருத்துங்கள்

அறிக்கை தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆட்சேபம் பதியலாம். கடனை அடைத்ததற்கான சான்றிதழ் கைவசம் இருந்தால் இணைத்துவிடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

5. வங்கி வாய் திறக்கவில்லையா?

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: கார்டு தருவதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு. "எனக்குக் கார்டு வாங்கித் தாருங்கள்" என்று எழுதினால் எடுபடாது. "காரணம் தரவில்லை" என்று எழுதுங்கள்.

அறிக்கையில் கோளாறே இல்லை, கடன் வரலாறே இல்லாததுதான் காரணம் என்றால் நிரந்தர வைப்பின் (எஃப்.டி.) பேரில் தரும் கார்டைக் கேளுங்கள். வைப்புத் தொகைதான் பிணை என்பதால் வங்கிகள் அதிகம் யோசிப்பதில்லை. அதில் சிறு செலவுகள் செய்து, குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தாமல் மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டிவிடுங்கள். வரலாறு உருவான பிறகு சாதாரணக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம்.