கொடை இரவின் வில்லிசையைப் பதிவு செய்வதும் பகிர்வதும்

திருநெல்வேலிச் சீமையில் வில்லிசைப் புலவர் ஒருவரின் பாட்டில் மனம் தோய்ந்தவர்கள், அவர் எந்த ஊர்க் கொடையில் (ஊர்க் கோயில் திருவிழாவில்) பாடினாலும் தேடிப் போய்க் கேட்பது பழைய வழக்கம். இப்போது அவர்களில் பலர் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பத்து நிமிடம் படமெடுத்துப் பகிர்ந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் புலவரின் குரல் தெரியுமே தவிர அவருடைய கலை தெரியாது. சுடலைமாடன் கதையையோ முத்துப்பட்டன் கதையையோ அவர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிப் பாடுவதில்லை. கதையின் போக்கு பழையது; அதன்மேல் ஏற்றும் விருத்தங்களும், மெட்டுக்கு இட்ட புதிய சொற்களும், அந்தந்த ஊரின் குளத்தையும் வயலையும் பெயர் சொல்லிப் பாடும் நாட்டு வளமும் அவரே கட்டியவை. சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் தம் பாட்டைத் தாமே எழுதித் தாமே பாடியவர்; பெரிய மேடைகளை எட்டாத எத்தனையோ புலவர்களும் அதே வேலையை ஊர்க் கோயில் முற்றத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இட்டுக்கட்டிப் பாடும் வரிகள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆகையால், தொடக்கத்தில் வரும் காப்புப் பாடலிலிருந்து இறுதியில் வாழி பாடுவது வரை முழுவதையும் இடையில் வெட்டாமல் பதிவு செய்து, முதல் பிரதியைப் புலவரிடமே கொடுத்து, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் பிறருக்குப் பகிர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

அனுமதியை இரண்டு இடங்களில் கேட்க வேண்டும். முதலாவது புலவரிடம், இரண்டாவது கோயில் நிர்வாகிகளிடமும், கொடைக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களிடமும். கொடையன்று மாலை, குழுவினர் வில்லைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் நிற்பது தவறு. அப்போது அவர்களுக்கு மணி கட்டவும் குடத்தைச் சரிபார்க்கவுமே நேரம் போதாது. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நேரில் போய், "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை கொடையில நீங்க பாடுறத முழுசாப் பதிவு பண்ணிக்கிடட்டுமா? மொத பென்டிரைவு ஒங்களுக்குத்தான்; நீங்க சொல்லாம வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. சிலர் பாட்டைப் பதிவு செய்யலாம், ஆனால் யூடியூபில் போடக் கூடாது என்பார்கள். அந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு: புதிதாகக் கட்டிய பாட்டு மறுவாரமே வேறொரு குழுவின் வாயில் ஏறிவிட்டால், அடுத்த ஊரில் அதைப் பாடும்போது அவருக்கே புதுமை போய்விடும். அவர் சொல்லும் எல்லையை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் புலவரின் பக்கமே நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 38ஆம் பிரிவு, நிகழ்த்துபவருக்குத் தம் நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டு உரிமை தருகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்காக ஒருவர் பதிவு செய்துகொள்வதையும், கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ மட்டுமே செய்யும் பதிவையும் 39ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதவில்லை. அந்தப் பதிவைப் பொதுவில் வெளியிடுவது வேறு. அதற்கு அவருடைய இசைவு தேவை. 2012இல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்ச்சியைச் சிதைத்து அவர் பெயருக்குக் கேடு வரும்படி வெளியிடுவதைத் தடுக்கும் உரிமையையும் அவருக்கு அளித்தது. பாட்டை எழுதியவரும் அவரே என்றால், அந்த எழுத்தின் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

இனிக் கருவியை எங்கே நிறுத்துவது என்பதைப் பார்ப்போம். கொடைப் பதிவின் தரம் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது. கச்சேரி மேடையில் பாடகருக்கு நேர் எதிரே மைக்கை வைத்தால் போதும். கொடையில் அது இயலாது. பெரும்பாலான கோயில்களில் வில்லிசைக் குழு சாமியைப் பார்த்தே உட்காரும். வில்லுக்கும் பீடத்துக்கும் இடைப்பட்ட வெளி சாமிக்கு உரியது. வரத்து, அதாவது சாமியை அழைக்கும் பாட்டு, பாடும்போது அருள் வந்த கோமரத்தாடி (சாமியாடி) ஆடி வருவது அந்த வெளியில்தான் என்பதால், அங்கே ஸ்டாண்டை நிறுத்துவது முறையாகாது. பக்கவாட்டில்தான் நிறுத்த வேண்டும், அதிலும் எந்தப் பக்கம் என்பதைக் கவனித்து முடிவு செய்ய வேண்டும். குடம் அடிப்பவர் இருக்கும் பக்கத்தில் நிறுத்தினால், மட்டை குடத்தின் வாயில் விழும்போது எழும் கனத்த ஒலி சொற்களை மூடிவிடும். அவருக்கு எதிர்ப்பக்கத்தில், புலவரிடமிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி, 2 மீட்டர் உயரத்தில், அவர் வாயை நோக்கி மைக்கைச் சற்றே சாய்த்து வைத்தால், முன்பாட்டு தெளிவாகவும், பின்பாட்டும் உடுக்கையும் சிங்கியும் அதற்குப் பின்னால் அளவாகவும் விழும். வீசுகோல் நாணில் பட்டு மணிகள் குலுங்கும் ஒலி நுண்மையானது. 5 மீட்டருக்கு அப்பால் போனால் அது ஊர்ச் சத்தத்தில் கரைந்துவிடும்.

பனைமரத்திலும் கம்பத்திலும் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர்தான் செல்கிறது. தெருமுனையில் 100 மீட்டர் தொலைவில் உள்ள குழாயிலிருந்து வரும் அதே குரல் கால் வினாடிக்கு மேல் பிந்தி வந்து மைக்கில் விழும். கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். மைக்கின் முதுகுப்புறம் அந்தக் குழாயை நோக்கியிருக்கும்படி திருப்பி வைத்தால் இந்தக் கோளாறு பெரிதும் குறையும்.

மைக்செட்காரர் மனம் வைத்தால் அவருடைய மிக்ஸரிலிருந்தும் ஒரு வயர் எடுக்கலாம். புலவரின் குரல் அதில் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் மைக்செட்காரர் குரலுக்கே முதலிடம் கொடுப்பார். தானாகவே உரக்க ஒலிக்கும் குடமும் உடுக்கையும் மிக்ஸரில் மெலிந்துபோயிருக்கும், பெண்கள் இடும் குலவையும் சபையின் ஆரவாரமும் அறவே இருக்காது. மிக்ஸர் பதிவை மட்டும் நம்பினால் கொடையே இல்லாத ஓர் அறைக்குள் புலவர் தனியே பாடியது போலிருக்கும். எனவே இரண்டையும் பதிவு செய்து பிறகு கலப்பதே சிறந்தது. மைக்கை வைத்த இடம் புலவரிடமிருந்து 10 மீட்டர் தள்ளியிருந்தால், அந்தப் பதிவு மிக்ஸர் பதிவைவிட 29 மில்லிசெகண்டு பிந்தும். அந்த அளவுக்கு நகர்த்திச் சேர்க்க வேண்டும். இரண்டு தனித்தனிக் கருவிகள் என்றால், அவற்றின் கடிகாரங்கள் சில மணி நேரத்தில் சற்றே விலகிப்போகும். தொடக்கத்திலும் முடிவிலும் மைக்கின் அருகே ஒரு முறை பலமாகக் கைதட்டிவைத்தால், பிறகு இரண்டையும் பொருத்துவது எளிது. மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு, அதாவது மைக்கிலிருந்து வருவதைவிட மிக வலுவான சிக்னல்; அதைப் பதிவுக் கருவியின் மைக் துளையில் நேரடியாகச் செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். லைன் துளையில் செருகுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் செட்டிலிருந்து வயர் எடுக்கும்போது இரைச்சல் புகுந்தால், உங்கள் கருவியைச் சார்ஜரிலிருந்து பிரித்து பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதிலேயே சரியாகிவிடும்.

கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. சூம், டாஸ்காம் போன்ற நிறுவனங்களின் சிறிய கையடக்கக் கருவி போதும். வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்துக்கொண்டால் ஸ்டீரியோ பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். விடிய விடியப் பாடினாலும் 32 ஜிபி மெமரி கார்டு தாராளமாகப் போதும். கைபேசிதான் உள்ளதென்றால் அதை விமானப் பயன்முறையில் போட்டு, ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்த இடம் தரும் செயலியில் பதிவு செய்யுங்கள். அந்த வசதி ஓடிக்கொண்டிருந்தால், குடத்தில் ஓர் அடி விழுந்தவுடன் கைபேசி எல்லா ஒலியையும் தணித்துவிடும். அடுத்த சொல்லின் முதல் எழுத்து ஒவ்வொரு முறையும் விழுங்கப்பட்டுக் கேட்கும்.

ஒலி அளவைக் காப்புப் பாடலில் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. தொடக்கத்தில் புலவர் குரலை அடக்கியே பாடுவார். சாமக்கொடை (நள்ளிரவுப் பூசை) நெருங்க நெருங்கக் குரலும் குடமும் உடுக்கையும் ஒருசேர ஏறும், இடையில் அதிர்வேட்டும் போடுவார்கள். தொடக்கத்தில் கருவி காட்டும் உச்ச அளவு கழித்தல் 20 டெசிபல் (0 என்பது ஒலி உடையும் எல்லை) அருகே நிற்கும்படி வைத்தால், வரத்துப் பாடும் வேளையில் அது கழித்தல் 10, 8 என்று ஏறினாலும் உடையாது. குறைவாகப் பதிவானதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உடைந்து பதிவானதைச் சீராக்க வழியில்லை. 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் கருவி உங்களிடம் இருந்தால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

வைகாசி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் காற்று வலுக்கும். ஆடிக் கொடைகளில் மைக்கில் காற்று மோதும் ஒலியே பாட்டைக் கெடுத்துவிடும். கருவியோடு வரும் பஞ்சு உறை அதற்குப் போதாது, முடிகள் நீண்ட உறையே வேண்டும். தாழ்ந்த ஒலியை வெட்டும் பொத்தானை அமுக்கிக் காற்றைச் சமாளிக்கச் சிலர் முயல்வதுண்டு. குடத்தின் அடியொலியையும் அது சேர்த்தே குறைத்துவிடும் என்பதால் பதிவின்போது அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

பாட்டு தொடங்கியபின் பதிவை நிறுத்தாதீர்கள். இடையில் நையாண்டி மேளமோ கணியான் கூத்தோ முறை எடுக்கும். தீபாராதனைக்காகப் பாட்டு நிற்கும். அந்த இடைவெளிகளில் புலவர் பின்பாட்டுக்காரரோடு பேசும் பேச்சிலும், வரிசையில் எந்தப் பகுதியைச் சுருக்கலாம் என்று அவர்கள் முடிவெடுப்பதிலும், பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பது தெரியும். பொதுவில் பகிரும் பிரதியிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்; மூலப் பிரதியில் இருக்கட்டும். ஒரு சிறு நோட்டில் நேரத்தோடு குறிப்பு எழுதிவாருங்கள்: நாட்டு வளம் எப்போது தொடங்கியது, எந்த இடத்தில் சினிமா மெட்டு வந்தது, எந்த வரியைக் கேட்டுச் சபை மறுபடியும் பாடச் சொன்னது. இந்தக் குறிப்பு இல்லாத ஆறு மணி நேரக் கோப்பைப் பிறர் பொறுமையாகக் கேட்பது அரிது.

மறுநாளே கார்டிலிருந்து இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி எடுத்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். நீண்ட பதிவைக் கருவி பல கோப்புகளாகத் துண்டுபோட்டிருக்கும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அவற்றை இடைவெளியின்றி ஒட்டலாம். இரைச்சல் நீக்கும் வசதியை மிகக் குறைவாகவே பயன்படுத்துங்கள், ஏனெனில் அது மணியின் ஒலியையும் இரைச்சல் என்று எண்ணி உரித்துவிடும். பாதுகாப்புப் பிரதியை ஃப்ளாக் வடிவில் வைத்தால் ஒலியில் எதுவும் இழக்காமல் கோப்பு ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர், கோயில், கதை, புலவர் பெயர் ஆகியவை இருக்கட்டும். உடன் பாடியவர்களின் பெயர்களையும், குடம் யார், உடுக்கை யார் என்பதையும் ஒரு தனிக் குறிப்புக் கோப்பில் எழுதுங்கள். இவர்களுடைய பெயர்கள் விட்டுப்போவது நம்மிடையே மிகப் பரவலான, வருந்தத்தக்க வழக்கம்.

பகிரும் முறைக்கு ஒரு நல்ல முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு 1984இல் தன் நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் பதிவு செய்வதற்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியது. பதிவை இலவசமாகக் கைமாற்றலாம், விற்கக் கூடாது என்பது அந்த ரசிகர்களிடையே வேரூன்றிய விதி. நாமும் அதைக் கடைப்பிடிக்கலாம். விளம்பர வருவாய் வரும் கணக்கில் பதிவேற்றினால் அதுவும் விற்பனைதான். அந்தப் பணம் புலவருக்குப் போக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பாட்டாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் ஒலி கெடாது. யூடியூபில் போட இசைவு கிடைத்தால், சினிமா மெட்டில் பாடிய இடங்களுக்கு இசை நிறுவனங்கள் உரிமை கோரக்கூடும் என்பதைப் புலவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அருள் வந்து ஆடுபவரின் முகத்தைப் பொதுவில் காட்டாதீர்கள். அவர் தம் வசத்தில் இல்லாத நேரத்தில் எடுத்த படத்துக்கு அவர் இசைவு தந்ததாகாது. கதைகளில் சாதிப் பெயர்களும் பழைய பகைகளும் வரும். கோயில் முற்றத்தில் கதை தெரிந்த சபைக்குமுன் பாடிய வரியை அரை நிமிடத் துண்டாக வெட்டி ஊர் முழுவதும் சுற்றவிட்டால், இந்த மாவட்டத்தில் அதன் விளைவு என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பகுதிகளைத் துண்டாகப் பகிரவே கூடாது. முழுக் கதையாகப் பகிர்வதையும் புலவரும் நிர்வாகிகளும் கேட்டுப் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைத் தனித்துறையாகவே வளர்த்த இடம். புலவர் சம்மதித்தால், குறிப்புக் கோப்போடு கூடிய ஒரு பிரதியை அத்தகைய நிறுவனத்தில் ஒப்படைக்கலாம். யார் கேட்கலாம், யார் வெளியிடலாம் என்பதை அவருடைய கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். பின்னாளில் அவர் மனம் மாறி ஒரு பதிவை எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிட்டு, எடுத்துவிட்டதை அவருக்கும் தெரிவியுங்கள்.