கணையப் புற்றுநோய்: கூட்டு மருந்து ஒப்பந்தச் செய்திகளை வாசிப்பது எப்படி?

இரண்டு மருந்து நிறுவனங்கள் தத்தம் மருந்துகளை இணைத்துக் கணையப் புற்றுநோயில் சோதிக்கப் போவதாக அறிவிக்கும்போது, அந்த அறிக்கை பெரும்பாலும் முதலீட்டாளர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. ஆனால் அதை வரிவரியாகப் படிப்பவர்கள் நோயாளியின் வீட்டார்தான். அவர்கள் தேடுவது ஒரு மருந்தை. அறிக்கையில் இருப்பதோ ஓர் ஏற்பாடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றவை எளிது.

முதலில் வினைச்சொற்களைத் தேடுங்கள். யார் மருந்தை ‘வழங்குகிறார்’, யார் ஆய்வை ‘நடத்துகிறார்’, விற்பனை உரிமை யாரிடம் ‘இருக்கிறது’ என்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே பத்தியில் இருக்கும். 2024 நவம்பரில் டேங்கோ தெரப்யூட்டிக்ஸ், ரெவல்யூஷன் மெடிசின்ஸ் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ரெவல்யூஷன் தன் ராஸ் தடுப்பு மருந்துகளைக் கொடுக்கும் (ராஸ் என்பது செல்லை வளரத் தூண்டும் புரதக் குடும்பம்). டேங்கோ அவற்றைத் தனது டிஎன்ஜி462 மருந்தோடு சேர்த்து ஆய்வை நடத்தும். அவரவர் மருந்தின் உரிமை அவரவரிடமே இருக்கும். இத்தகைய மருந்து வழங்கல் ஒப்பந்தம் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவதைப் போன்றதோ, ஆய்வுச் செலவையும் லாபத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் முழுக் கூட்டணியைப் போன்றதோ அன்று. முடிவு சாதகமாக இல்லாவிட்டால் இரு தரப்பும் பெரிய இழப்பின்றி விலகிக்கொள்ளலாம். ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தானது என்பதை மட்டும் வைத்து அந்தச் சேர்க்கையின் மீது அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அளந்துவிட முடியாது.

அடுத்ததாக, அந்த மருந்துகள் எந்த மரபணு மாற்றத்தைக் குறிவைக்கின்றன என்று பாருங்கள். கணையப் புற்றுநோயில் மிகப் பெரும்பான்மையான டக்டல் அடினோகார்சினோமா (கணைய நாளங்களோடு தொடர்புடைய) வகையில், 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிகளில் ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த கே-ராஸ் மரபணு மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் ஒரே மாதிரியானது அன்று. ஜி12டி என்ற வகை மாற்றம் சுமார் 40 சதவீதக் கட்டிகளிலும், ஜி12வி வகை சுமார் 30 சதவீதத்திலும் காணப்படுகின்றன. நுரையீரல் புற்றுநோயில் 2021-இல் முதல் மருந்துக்கு வழிதிறந்த ஜி12சி வகையோ கணையத்தில் நூற்றுக்கு ஓரிருவரிடமே இருக்கிறது. அறிக்கையில் கே-ராஸ் என்று மட்டும் இருந்தால், எந்த வகை என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை மேலே போக வேண்டாம்.

டேங்கோ மருந்தின் குறி வேறு. எம்டாப் என்ற மரபணு சில கணையக் கட்டிகளில் அடியோடு காணாமற்போயிருக்கும். அது இல்லாத செல்லில் ஒரு கழிவுப்பொருள் தேங்கி, பிஆர்எம்டி5 என்ற நொதியை ஏற்கெனவே பாதி முடக்கியிருக்கும். அவ்வாறு முடங்கிய நொதியைத் தேடிப் பிடித்து முழுவதுமாக நிறுத்துவதே மருந்தின் வேலை. எம்டாப் உள்ள இயல்பான செல்லில் அந்தக் கழிவு தேங்குவதில்லை என்பதால் அந்தச் செல் பெருமளவு தப்பிக்கிறது. இதில் நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு: இந்தச் சேர்க்கைக்குத் தகுதிபெற நோயாளியின் கட்டியில் எம்டாப் இழப்பும் ராஸ் மாற்றமும் ஒருங்கே இருக்க வேண்டும். கட்டித் திசுவின் மரபணுப் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாதவருக்கு இத்தகைய ஆய்வின் வாசலைக்கூட எட்ட முடியாது.

இனி, ஏன் இரண்டு மருந்து என்று அறிக்கை சொல்லும் காரணத்துக்கு வருவோம். செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞை செல்லும் ஒரு பாதையை அடைத்தால் புற்றுச்செல் இன்னொரு பாதையைத் திறந்துகொள்கிறது, ஆகவே இரண்டையும் அடைக்கிறோம் என்பதே பொதுவான வாதம். ஆய்வுக்கூடத்தில் இது பலமுறை மெய்யாகியிருக்கிறது. மனிதரிடம் என்ன ஆனது என்பதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது 2009-இல் அஸ்ட்ராஜெனெகாவும் மெர்க்கும் (அமெரிக்கா, கனடா தவிர்த்த நாடுகளில் எம்எஸ்டி, ஜெர்மனியின் மெர்க் வேறு நிறுவனம்) செய்துகொண்ட ஒப்பந்தத்தை. அஸ்ட்ராஜெனெகாவின் செலுமெட்டினிப் மெக் புரதத்தைத் தடுக்கும். மெர்க்கின் எம்கே-2206 ஏகேடி புரதத்தைத் தடுக்கும். விற்பனைக்கு வெகு முன்பே, வளர்ச்சியின் தொடக்க நிலையிலேயே இரு பெரும் நிறுவனங்கள் தம் மருந்துகளை இணைக்க முன்வந்தது அப்போது அரிதான செயலாகப் பார்க்கப்பட்டது. மெக்கை அடைத்தால் ஏகேடி பாதை வழியே செல் பிழைத்துக்கொள்ளும் என்பதால், தர்க்கத்தில் குறைகாண இடமிருக்கவில்லை.

இந்தச் சேர்க்கையை ஜெம்சிட்டபின் என்ற கீமோதெரபி மருந்து பலனளிக்காமற்போன கணையப் புற்றுநோயாளிகளிடம் ஸ்வாக் என்ற அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பு சோதித்தது. எஸ்1115 எனப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. கீமோதெரபி பெற்ற குழுவின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 6.7 மாதம், இரு இலக்கு மருந்துகளையும் பெற்ற குழுவுக்கு 3.9 மாதம். கடுமையான பக்கவிளைவுகளும் இலக்கு மருந்துக் குழுவிலேயே அதிகம். இலக்கு மருந்து என்றாலே மென்மையானது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஆனால் மெக்கும் ஏகேடியும் தோலுக்கும் குடலுக்கும்கூட வேலை செய்பவை. இரண்டையும் ஒருசேர அடைத்தால் தடிப்பும் வயிற்றுப்போக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மருந்தளவைக் குறைக்கவும் இடையில் நிறுத்தவும் நேரிடும். குறைத்த அளவில் எந்தப் பாதையும் முழுதாக அடைபடாமற்போகலாம். ஆகவே ஒரு கூட்டு ஆய்வின் முதல் முடிவுகள் வரும்போது, கட்டி சுருங்கிய கணக்கைப் படிப்பதற்கு முன், எத்தனை பேர் முழு அளவு மருந்தைத் தொடர முடிந்தது என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

ஆய்வின் கட்டம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதற்கட்டம் பாதுகாப்பான அளவைத் தேடுவது. மூன்றாம் கட்டம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவது. கூட்டு மருந்தில் கூடுதலாகக் கேட்க வேண்டியது ஒன்று: இரண்டில் ஒன்றை மட்டும் பெறும் குழு ஆய்வில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால், கிடைத்த பலன் சேர்க்கையால் வந்ததா, ஒரு மருந்தே செய்த வேலையா என்று பிரித்தறிவது கடினம். ஒப்புதல் தரும் அமைப்புகளும் இதைக் கேட்கின்றன.

எண்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘பகுதி பலன்’ என்பது அளந்த கட்டிகளின் விட்டக் கூட்டுத்தொகை குறைந்தது 30 சதவீதம் குறைவது. தொடக்கத்தில் 50 மில்லிமீட்டராக இருந்தது 35 ஆனால் பலன்; 36-இல் நின்றால் ‘நோய் நிலையாக உள்ளது’. ஜி12சி மாற்றமுள்ள 38 கணையப் புற்றுநோயாளிகளிடம், அந்த வகையைத் தடுக்கும் சோட்டோராசிப் என்ற மருந்து 8 பேருக்குப் பலன் தந்தது, அதாவது 21 சதவீதம். ஆனால் 38 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. உண்மையான விகிதம் 10-க்கும் 37-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்களே கணக்கிட்டுத் தந்தார்கள். இதற்கு நேர்மாறானது எர்லோட்டினிப் என்ற இலக்கு மருந்தின் கதை. 569 பேர் கலந்துகொண்ட பெரிய ஆய்வில் ஜெம்சிட்டபினோடு அதைச் சேர்த்தபோது இடைநிலை உயிர்வாழ்வு 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமானது, புள்ளியியல் கணக்கில் தேறிய அந்தச் சில நாள் வேறுபாட்டுக்காக 2005-இல் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்ற சொற்றொடரைக் கண்டால், எத்தனை நாள் என்று கேட்பதில் தவறே இல்லை.

எந்த அளவுகோலில் வெற்றி என்பதும் முக்கியம். அஸ்ட்ராஜெனெகாவும் மெர்க்கும் இணைந்து வளர்த்த ஓலாபரிப் என்ற மருந்து, பரம்பரையான பிஆர்சிஏ மரபணு மாற்றமுள்ளவர்களிடம் நோய் முற்றாமல் இருக்கும் காலத்தை 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாக்கியது, ஆனால் ஒட்டுமொத்த உயிர்வாழ்வில் அதைப் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வுக்கு 154 பேரைச் சேர்ப்பதற்கு 3,315 பேரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது என்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் படித்தபின், அறிக்கையை மூடிவிட்டு ஆய்வுப் பதிவேட்டுக்குச் செல்லுங்கள். கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் தளத்தில் ஒவ்வோர் ஆய்வுக்கும் என்சிடி என்ற முன்னொட்டுடன் எட்டு இலக்க எண் உண்டு. ஆய்வு ஆள்சேர்ப்பில் இருக்கிறதா, எந்த நாட்டு மருத்துவமனைகள், முன்பு எத்தனை சிகிச்சை பெற்றவர்கள் சேரலாம், ராஸ் தடுப்பு மருந்து ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு அனுமதி உண்டா என்பவை அங்கே இருக்கும். கடைசிக் கேள்வியைப் பலரும் தவறவிடுகிறார்கள்; ஓர் ஆய்வில் சேர்ந்தது மற்றோர் ஆய்வின் கதவை அடைத்துவிடக்கூடும். பதிவு எண், நோயாளியின் மரபணு அறிக்கை, இதுவரை பெற்ற மருந்துகளின் தேதியிட்ட பட்டியல் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் இட்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எடுத்துச் செல்லுங்கள்.