கணினியில் எச்டி தொலைக்காட்சியைப் பதிவு செய்ய என்னென்ன கருவிகள் தேவை?

அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களின் நிகழ்ச்சிகள் இன்றும் சந்தா இல்லாமல் வான்வழியே வீடுகளுக்கு வருகின்றன. அவற்றை வீட்டுக் கணினியில் பதிவு செய்து வைத்துக்கொண்டு நேரம் கிடைக்கும்போது பார்க்க விரும்புபவர்களில் பலர், முதலில் வேகமான பிராசஸர் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். அது வீண் செலவு. நிலையத்திலேயே எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டு வரும் படத்தைக் கணினி அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கிறதே தவிர, அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை என்பதால், பழைய கணினியே இந்த வேலைக்குப் போதும். உங்கள் பணமும் கவனமும் போகவேண்டிய இடங்கள் ஆன்டெனாவும், அதிலிருந்து வரும் சிக்னலில் வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கும் டியூனரும்தான்.

படி 1: ஆன்டெனா

எதையும் வாங்குவதற்கு முன், எஃப்சிசி என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தொலைக்காட்சி வரைபடப் பக்கத்திலோ ராபிட்இயர்ஸ் தளத்திலோ உங்கள் முகவரியைக் கொடுத்து, எந்தக் கோபுரம் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும். திரையில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, உண்மையில் ஒளிபரப்பாகும் அலைவரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் திரையில் 2 என்று தெரியும் டபிள்யூசிபிஎஸ் உண்மையில் 36-இல் ஒளிபரப்பாகிறது. 7 என்று தெரியும் டபிள்யூஏபிசியோ 7-இலேயே இருக்கிறது. 14 முதல் 36 வரை அதிர்வெண் கூடிய யுஎச்எஃப்; 7 முதல் 13 வரை அதைவிட அதிர்வெண் குறைந்த உயர் விஎச்எஃப்; 2 முதல் 6 வரை தாழ் விஎச்எஃப். யுஎச்எஃப் அலையின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர் என்றால், 6-ஆம் அலைவரிசையின் அலைநீளம் மூன்றரை மீட்டர். அலை நீளமானால் அதைப் பிடிக்கும் ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும். ஆகவே, ஜன்னலில் ஒட்டும் தட்டையான சிறு ஆன்டெனா யுஎச்எஃப் நிலையங்களை நன்றாகப் பிடித்தாலும், 6-இல் ஒளிபரப்பாகும் ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூபிவிஐயிடம் திணறுவதில் வியப்பில்லை. நீண்ட கம்பிகள் கொண்ட ஆன்டெனாவைக் கூரையிலோ பரணிலோ பொருத்துவதுதான் அதற்கு வழி. கூரையில் பொருத்தினால் கம்பத்தையும் கேபிளையும் வீட்டின் எர்த் இணைப்போடு சேர்ப்பது கட்டாயம்; இதில் சிக்கனம் கூடாது.

ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் ஆர்ஜி-6 கோஆக்சியல் கேபிளை இழுங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 3.5 டெசிபல் இழப்பை உண்டாக்கும். அதாவது, பாதிக்கும் மேற்பட்ட சிக்னல் அங்கேயே போய்விடும். ஆம்ப்ளிஃபயரைத் தொலைவிலுள்ள கோபுரங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கோபுரம் அருகில் இருந்தால் அளவுக்கு மீறிய சிக்னலே டியூனரைக் குழப்பிவிடும்.

படி 2: டியூனர்

பெட்டியின் மேல், அமெரிக்காவின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான ஏடிஎஸ்சியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கும் டிவிபி வகை டியூனர் இங்கே வேலை செய்யாது. ஒரே நேரத்தில் எத்தனை அலைவரிசைகளைப் பதிவு செய்ய வேண்டுமோ, அத்தனை டியூனர்கள் தேவை. ஹாப்பாக் நிறுவனத்தின் யுஎஸ்பி குச்சியான வின்டிவி டூயல்எச்டியில் இரண்டும், கணினிக்குள் பொருத்தும் குவாட்எச்டி கார்டில் நான்கும் இருக்கின்றன. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ரவுட்டரோடு இணைக்கும் எச்டிஹோம்ரன் வகைப் பெட்டியைத்தான். ஆன்டெனா கேபிள் நுழையும் இடத்திலேயே அதை வைத்துவிடலாம். டிரைவர் தொல்லையும் குறைவு.

எச்டிஹோம்ரன் காட்டும் மூன்று அளவுகளில் சிக்னல் ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். சிம்பல் குவாலிட்டி, அதாவது தரவு பிழையில்லாமல் வந்துசேரும் அளவு, 100-இல் அசையாமல் நிற்கிறதா என்பதே முக்கியம். அது அவ்வப்போது 90-க்கு இறங்கினாலும் படத்தில் சதுரம் சதுரமாகச் சிதைவு விழும், ஒலி அறுபடும். பதிவில் விழுந்த அந்தக் குறையைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. ஆன்டெனாவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் பொறுத்து, இந்த எண்ணைப் பாருங்கள்.

ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய முறையும் பல நகரங்களில் வந்துவிட்டது. ஆனால் பல நிலையங்கள் எல்லாக் கருவிகளிலும் திறக்க முடியாதபடி அதை மறையாக்கப் பூட்டு போட்டே அனுப்புகின்றன என்பதால், இப்போதைக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

படி 3: ஹார்ட் டிஸ்க்

ஓர் அலைவரிசையின் மொத்தக் கொள்ளளவு விநாடிக்கு 19.39 மெகாபிட். அது முழுவதையும் பதிவு செய்தாலும் மணிக்கு 8.7 ஜிபிதான் ஆகும். ஒரே அலைவரிசையைத் துணைச் சேனல்களும் பகிர்ந்துகொள்வதால், எச்டி நிகழ்ச்சி ஒன்று மணிக்கு 5 அல்லது 6 ஜிபியில் முடிந்துவிடுவது வழக்கம். ஆகவே, 1 டிபியில் 150 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். நான்கு பதிவுகள் ஒன்றாக ஓடினாலும் விநாடிக்கு 10 எம்பிதான் எழுதவேண்டியிருக்கும் என்பதால், சாதாரணச் சுழலும் டிஸ்க்கே தாராளம். விண்டோஸ் இருக்கும் டிஸ்கில் பதிவு செய்யாமல் தனி டிஸ்க் ஒன்றை ஒதுக்குங்கள். கண்காணிப்புக் கேமராக்களுக்கென விற்கப்படும் டிஸ்க்குகள் இடைவிடாமல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்டவை.

படி 4: மற்றவை

8 ஜிபி நினைவகம் தாராளம். ஒற்றை, இரட்டை வரிகளாக மாறி மாறி வரும் 1080ஐ வகை எச்டி படத்தின் பின்னல் வரிகளைச் சீராக்கிக் காட்ட, பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸே போதும். பதிவுகளைச் சுருக்கிக் கைப்பேசிக்கு அனுப்ப விரும்பினால் மட்டும், படத்தை வேகமாகச் சுருக்கும் குவிக் சிங்க் வசதியுள்ள இன்டெல் பிராசஸர் கைகொடுக்கும். டியூனர் பெட்டியையும் கணினியையும் வைஃபையில் விடாமல் ஈதர்நெட் கேபிளால் ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள்.

படி 5: சோதனை

பதிவு செய்யும் மென்பொருளான நெக்ஸ்ட்பிவிஆர் அல்லது ஜெல்லிஃபின் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவி, கணினி தானாகத் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். பிறகு, மாலையில் எல்லா டியூனர்களிலும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிலையத்தில் மட்டும் தடங்கல் வந்தால் ஆன்டெனாவின் திசையையும், எல்லாவற்றிலும் வந்தால் கேபிள், ஸ்ப்ளிட்டர், டிஸ்க் ஆகியவற்றை இந்த வரிசையிலும் சரிபார்க்க வேண்டும்.